பின் சக்கரங்களின் காற்று

மயிலாப்பூர்
3 பிப்ரவரி 2025

நாஸியா,

உன் எண்ணை நேற்று பிளாக் செய்துவிட்டேன். மின்னஞ்சலையும். புனேயிலிருந்து நீ கூப்பிட்டுச் சிரித்துப் பேச ஆரம்பித்தால் நானும் சிரித்துவிடுவேன். கல்லூரி நாளிலிருந்து நம் சண்டைகள் எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. இது அப்படி முடியக் கூடாது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். பதில் இருந்தால் நீயும் காகிதத்திலேயே எழுது.

நேற்று தி. நகரில் உன் அண்ணன் கடைக்குப் போயிருந்தேன். காரை விற்க வேண்டும், வாங்க யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் போனேன். தௌசீஃப் அண்ணன் யாருடைய ஃபோனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பேசினார்.

"எதுக்கும்மா விக்கற? நல்லா ஓடுற வண்டி."

"எனக்கு ஓட்ட வரலைண்ணா. அன்னிக்குப் போட்டில நீங்களே பாத்தீங்களே."

"இன்னா பாத்தேன்? மொத தபா சும்மா பூந்து பூந்து வந்த. நாஸியா மட்டும் பின்னாடி டயர்ல காத்த எறக்காம வுட்டிருந்தா, கப்ப நீதாம்மா தூக்கிகினு வந்திருப்ப."

காற்றா என்றேன். அவர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"இன்னா, உனுக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் பேசி வெச்சிகினு செஞ்சீங்கன்னுல்ல நெனச்சேன்."

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். என் நினைவு எங்கே பிசகுகிறது என்று நீ காட்டலாம்.

அப்பாவின் பழைய ஸ்விஃப்ட். இரண்டு வருடம் முன்பு கோட்டூர்புரம் பாலத்தில், குறுக்கே வந்த பைக்குக்காக ஒடித்து நடுத்தடுப்பில் நான் இடித்த அதே கார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்றிலிருந்து சாவி அப்பாவின் சட்டைப் பைக்குப் போய்விட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. என் கையை நம்புவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். நானும்தான். நீதான் வந்து, "ரோட்டுல வேணாம்டி, மைதானத்துல ஓட்டு. கோனை இடிச்சா கோன் அழாது" என்றாய்.

ஆட்டோகிராஸ் என்ற சொல்லையே உன்னிடம்தான் கேள்விப்பட்டேன். காலி மைதானம், ஆரஞ்சு கோன்களை வைத்து வளைத்து வளைத்து ஒரு வழி, ஒரு நேரத்தில் ஒரு கார், எதிரி என்றால் கடிகாரம் மட்டும். எனக்குப் பிடித்தது அதுதான். யாரையும் முந்த வேண்டாம், யாரும் குறுக்கே வரமாட்டார்கள். தரமணியில் உன் அலுவலக வளாகம் ஞாயிறுகளில் காலியாக இருக்கும். தண்ணீர் கேன்களைக் கோன்களாக வைத்து ஓட்டிப் பழகினோம்.

புதியவர்கள் பிரிவில் காரை ஏறக்குறைய கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்ட வேண்டும். எனவே நாம் செய்ததெல்லாம் சுத்தம் செய்ததும் சரிபார்த்ததும்தான். டிக்கியைக் காலி செய்தோம்: ஸ்டெப்னி, ஜாக்கி, அப்பாவின் குடைகள், எப்போதோ உருண்டுபோய்க் காய்ந்து கிடந்த ஒரு தேங்காய் மூடி. பிரேக் பேட் புதிது போட்டோம். பேட்டரி ஆடுகிறதா என்று நீ அசைத்துப் பார்த்தாய், வீல் நட்டுகளை நான் இறுக்கினேன். டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைச் சுரண்டி எடுத்தபோது அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "இதென்னடி போட்டி, பிள்ளையாரை எறக்கி வெச்சுட்டு ஓட்டணும்கறா?" நீ, "மாமி, அவருக்கு சீட் பெல்ட் இல்ல" என்றாய். அம்மாவே சிரித்துவிட்டாள்.

நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று விதி விட்டுவைத்தது டயரின் காற்றை. முன் சக்கரங்கள் இழுக்கும் காரில் பின் டயர்களைக் கல் மாதிரி இறுக்கமாக வைத்தால், பின்பக்கம் லேசாக வழுக்கி மூக்கு வளைவுக்குள் திரும்பும். தளர்த்தினால் பின்பக்கம் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேரே போகும். இதையும் நீதான் சொல்லிக்கொடுத்தாய். பின்னால் காற்றழுத்தம் நாற்பத்து நான்கு என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

ஜனவரிப் போட்டிக்கு ஒரே காரில் இருவரும் பெயர் கொடுத்திருந்தோம். ஆளுக்கு மூன்று ஓட்டம், மாறி மாறி, நீ முதலில். என் முதல் ஓட்டத்தில் கார் நான் நினைத்த இடத்துக்கெல்லாம் வந்தது. கடைசி வளைவில் மட்டும் வால் அடித்து ஒரு கோன் விழுந்து, அபராத விநாடிகள் சேர்ந்தன. பரவாயில்லை, இன்னும் இரண்டு இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டாவதில் அதே வளைவில் கார் திரும்பவே இல்லை. இறங்கியதும் உன்னிடம் வந்து, "பின்னாடி என்னமோ கனமா இருக்கு நாஸி" என்றேன். நீ என் தோளைத் தட்டினாய். "காருல ஒண்ணும் இல்லடி. நீதான் பயந்து கையைக் கட்டிக்கற. பாலத்தை மனசுல வெச்சுக்கிட்டு ஓட்டாத."

மூன்றாவதில் மைதானத்தின் விளிம்பு வரை போய்விட்டேன். பெண்களில் நீ முதல் பரிசு. நான் ஐந்தாவது. வீட்டுக்கு வந்ததும் சாவியை நானே அப்பாவிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் நீ புது வேலைக்குப் புனே போனாய்.

தௌசீஃப் அண்ணன் சொன்னது உண்மையா?

மஹதி


புனே
9 பிப்ரவரி

மஹி,

பிளாக் பண்ணிவிட்டு ஸ்டாம்ப் ஒட்டுகிற பெண்ணை நான் இந்த ஊரிலும் பார்த்ததில்லை. உன் பதிவுத் தபாலை வீட்டுக்கார அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிவைத்து, கோர்ட் நோட்டீஸ் என்று பயந்து போயிருந்தாள். படித்துப் பார்த்தால் அவள் நினைத்தது தப்பில்லை.

உண்மைதான். இறக்கினேன்.

உன் முதல் ஓட்டத்தை நீ உள்ளேயிருந்து பார்த்தாய், நான் வெளியேயிருந்து பார்த்தேன். கடைசி வளைவில் வால் அடித்தபோது உன் பின்கதவுக்கும் மைதானத்து விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். நீ கோனைப் பார்த்தாய். நான் கம்பத்தைப் பார்த்தேன். முந்தின நாள்தான் உன் அம்மா என்னைக் கூப்பிட்டு, "பத்ரமா பாத்துக்கோடிம்மா, உன்னை நம்பித்தான் அனுப்பறேன்" என்றார்கள். நான் என்ன செய்யட்டும்? மெதுவாக ஓட்டு என்றால் கேட்கிற ஆளா நீ? காரைக் கொஞ்சம் சாதுவாக்கினேன். சொல்லியிருந்தால் சம்மதித்திருக்கமாட்டாய். நீ இறங்கி வந்து கேட்டபோது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, வாயில் வந்ததைச் சொன்னேன்.

அந்தக் கம்பத்தை மறுபடி அப்படிப் பார்த்தால் மறுபடியும் இதையேதான் செய்வேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதவும் நீ இருந்திருக்கமாட்டாய், படிக்கவும் எனக்கு முகம் இருந்திருக்காது.

கோபப்படு. நன்றாகக் கோபப்படு. ஆனால் காரை விற்காதே. தௌசீஃபின் வாய்க்குப் பூட்டுப் போட எங்கள் வீட்டில் அத்தா காலத்திலிருந்து முயற்சி நடக்கிறது. இந்த ரம்ஜானுக்கு வரும்போது நான் முடித்துவைக்கிறேன்.

நாஸி


மயிலாப்பூர்
15 பிப்ரவரி

நாஸியா,

அம்மாவிடம் கேட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஆமா, கூப்ட்டேன். கார்த்தால ஒண்ணும் சாப்டாம கெளம்பறா, ரெண்டு இட்லியாவது உள்ள தள்ளுன்னேன். பத்ரமா பாத்துக்கோன்னேன். எல்லா ஆத்துலயும் சொல்றதுதானே? டயர்ல காத்தப் புடுங்குன்னு சொல்ல நேக்குத் தெரியுமாடி?" பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன், நாஸியா ஏதாவது பண்ணிட்டாளா?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன்னை அம்மா முன்னால் விட்டுக்கொடுக்காத பழக்கம் இன்னும் போகவில்லை.

உன் விளக்குக் கம்பத்தை நான் நம்பினேன். இரண்டு நாள் முழுதாக நம்பினேன். கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது. கடிதம் வேண்டாம், ஃபோனிலேயே பேசிவிடலாம் என்று ஒரு முறை எண்ணை எடுத்தும் பார்த்தேன். பிறகு அலுவலகத்தில் ஒரு பாடப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது கை நின்றது. பிழை திருத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. பக்கத்தைப் புரட்டிய பிறகு முந்தின பக்கத்து வரி உறுத்தும். எனக்கு உறுத்தியது ஒரு சத்தம். மிதி பம்ப்பின் சத்தம்.

நாம் மாறி மாறித்தானே ஓட்டினோம். என் இரண்டாவது ஓட்டம் முடிந்ததும் உன் மூன்றாவது. நீ ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாய். தௌசீஃப் அண்ணன் பின் சக்கரத்தருகே நின்று பம்ப்பை மிதித்துக்கொண்டிருந்தார். "ஜிம்முக்கு குடுக்கற காசு மிச்சம்" என்று ஜோக் வேறு. நான் தண்ணீர் குடித்துக்கொண்டே சிரித்தேன். பிறகு நீ ஓட்டி வந்தாய். அன்று பெண்களில் அதைவிட வேகமான ஓட்டம் இல்லை. அடுத்து நான் ஏறுவதற்குள் நீ மறுபடி பின் சக்கரத்தருகே குனிந்திருந்தாய். டயர் சூடானதும் காற்றை அளந்து சரிசெய்வது வழக்கம்தானே. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு இறக்கினாய். உனக்கு நிரப்பினாய். எனக்கு மறுபடி இறக்கினாய்.

அந்தக் கம்பம் உனக்கு இல்லையா நாஸியா? சாதுவான கார் எனக்கு மட்டும் ஏன்?

மஹதி


புனே
23 பிப்ரவரி

மஹி,

எழுதிய முதல் பதிலைக் கிழித்துவிட்டேன். அதில் மறுபடி உன் அம்மா வந்தார்கள்.

கம்பம் உண்மை. பயந்ததும் உண்மை. இன்னொன்றும் உண்மை. உன் முதல் ஓட்டத்தில் கோன் அபராதத்தைக் கழித்துப் பார்த்தால் நீ என்னைவிட வேகம். பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். நீ பார்க்கவில்லை, விழுந்த கோனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாய். என் அலுவலகத்து ராம்குமார் பக்கத்தில் நின்று, "யாருங்க அவங்க? செமையா ஓட்டறாங்க. உங்களுக்கே சொல்லித் தருவாங்க போல" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

ஸ்டியரிங்கைத் தொடவே நடுங்கிய உன்னை, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை எல்லாம் விட்டு ஓட்ட வைத்தவள் நான். பதினெட்டு வயதிலிருந்து ஓட்டுகிறேன். நீ படிப்பாய், பேசுவாய். நீ வாயைத் திறந்தால் நம் கூட்டத்தில் எல்லாரும் கேட்பார்கள். நான் ஜோக் அடித்தால்தான் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கென்று நன்றாக வந்தது இது ஒன்று. ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் இதில் ஒரு தடவை ஜெயித்துவிட்டுப் போக நினைத்தேன். அதிலும் முதல் ஓட்டத்திலேயே நீ முன்னால் போய் நிற்கிறாய், அதுகூடத் தெரியாமல் கோனுக்காக அழுகிறாய்.

முதலில் இறக்கும்போது எனக்கே தெரியாது. பயம் முக்கால், இது கால். இல்லை, திருப்பிப் போட்டுக்கொள். ஆனால் எனக்காக நிரப்பச் சொன்னபோது தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன். போதுமா?

கோப்பையைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அது உன்னுடையது. மார்ச் 16 அன்று அதே போட்டியின் இரண்டாவது சுற்று. அன்றைக்குச் சென்னை வர டிக்கெட் போட்டுவிட்டேன். மறுபடி ஒரே காரில் பெயர் கொடுப்போம். காற்று அளக்கும் கேஜை நீயே வைத்துக்கொள், டயர் பக்கமே நான் வரமாட்டேன். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. நேரில் திட்டு. இந்தக் காகிதம் வேண்டாம் மஹி, மூச்சு முட்டுகிறது.

நாஸி


மயிலாப்பூர்
1 மார்ச்

நாஸியா,

கோப்பை வந்தது. பெட்டியைப் பிரிக்காமலே தௌசீஃப் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். "இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? உள்ள சார்ஜர் போட்டு வெக்கவா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கி உள்ளே வைத்தார். நீ ஜெயித்ததை நீ எனக்குக் கொடுக்க முடியாது. நான் ஜெயித்திருப்பேனா, இல்லையா? அதை இனி யாராலும் சொல்ல முடியாது. நீ எடுத்துக்கொண்டது கோப்பையை அல்ல, அந்தப் பதிலை.

பொறாமைப்பட்டாய் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. உன்மீது நான் எத்தனையோ நாள் பொறாமைப்பட்டிருக்கிறேன். நீ ஓரிடத்துக்குள் நுழைந்தால் அங்கே சட்டென்று வெளிச்சம் கூடும். பக்கத்தில் நிற்கிற என்னைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருப்பார்கள். அதெல்லாம் சேர்ந்ததுதானே சிநேகிதம்.

என்னால் விழுங்க முடியாதது வேறு. காரிலிருந்து இறங்கி வந்து, பின்பக்கம் கனமாக இருக்கிறது என்றேன். என் முதுகும் இடுப்பும் உள்ளங்கையும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. அதை நான் சொன்ன ஒரே ஆள் நீ. நீ பாலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாய். பாலத்தைப் பற்றி நான் அழுததும் உன்னிடம் மட்டும்தான்.

அதற்குப் பிறகு எதையுமே நான் நம்பவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்த்தேன். லஸ் முனையில் சாலையைக் கடக்க, பக்கத்தில் நிற்பவர் காலெடுத்து வைக்கும் வரை காத்திருந்தேன். அலுவலகத்தில் திருத்திய பிழையைப் பிழைதானா என்று அகராதி புரட்டினேன். காரை விற்கத் துணிந்தது அந்த நாட்களில்தான்.

இரண்டு கடிதம் எழுதிவிட்டாய். அவற்றில் கம்பம் இருக்கிறது, அம்மா இருக்கிறாள், ராம்குமார் இருக்கிறான், நீ விட்டுக்கொடுத்த தூக்கம் இருக்கிறது. அன்று நான் சொன்னது சரி என்று ஒரு வரி இல்லை.

இரண்டாவது சுற்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். என் பெயர் மட்டும்.

மஹதி


புனே
8 மார்ச்

மஹி,

இப்போதுதான் நோன்பு திறந்தேன். தனியாகத்தான். பேரீச்சம்பழம், தண்ணீர், அப்புறம் உன் கடிதம்.

நீ சொன்னது சரி. பின்பக்கம் கனமாகத்தான் இருந்தது. ஒரே ஓட்டத்தில் கண்டுபிடித்துவிட்டாய். என்னால் அவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது. உன் கையில் ஒரு குறையும் இல்லை. அது தெரிந்தேதான் பாலத்தைச் சொன்னேன். அதைச் சொன்னால் நீ மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

டிக்கெட்டை இன்னும் ரத்து செய்யவில்லை. மைதானத்துக்கு வரட்டுமா? நீ பதில் போட்டால் வருவேன். போடாவிட்டால் வரமாட்டேன்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நாற்பத்து நான்கு வேண்டாம். நாற்பதில் ஆரம்பி. நீ பதறினால் பின்பக்கம் சுழன்றுவிடும்.

நாஸி


மயிலாப்பூர்
18 மார்ச்

நாஸியா,

உன் கடிதம் போட்டிக்கு மூன்று நாள் முன்பே வந்துவிட்டது. வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. நீ சொன்னபடி வரவில்லை. அதற்கு நன்றி.

அந்த வரிகளைப் படித்தேன். எனக்கு அவை தேவைப்பட்டன. கேட்டு வாங்க வேண்டியிருந்ததை மட்டும் மறக்க முடியவில்லை.

சனிக்கிழமை தனியாகவே டிக்கியைக் காலி செய்தேன். வீல் நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து, "நான் பிடிக்கட்டுமாம்மா?" என்றார். வேண்டாம்பா என்றேன். போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பின் டயர்களில் நாற்பத்து நான்கு வைத்தேன். நாற்பது நியாயமான யோசனை என்று தெரியும். தெரிந்தும் வைத்தேன்.

முதல் ஓட்டம் மந்தம். இரண்டாவதில் நடு வளைவுக்குள் வேகமாகப் போய்விட்டேன். பதறி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். பின்பக்கம் வந்தது, வந்துகொண்டே இருந்தது. கார் முழுதாகச் சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. பம்பருக்கடியில் ஒரு கோன்.

நீ பயந்தது நடந்தேவிட்டது, அத்தனை பேர் பார்க்க. கண்ணாடிக்கு வெளியே புழுதி இறங்கிக்கொண்டிருந்தது. பாலம் நினைவுக்கு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. காலை எடுத்திருக்கக் கூடாது என்று மட்டும்தான் தோன்றியது. சாவியைத் திருப்பினேன், காரைத் திருப்பினேன், மீதியை ஓட்டி முடித்தேன். கை தட்டினார்கள், கிண்டலாகவும் இருக்கலாம்.

மூன்றாவதில் அதே வளைவில் காலை எடுக்கவில்லை. நான்காவது இடம் வந்தேன். என்னைவிட நன்றாக மூன்று பேர் ஓட்டினார்கள், அவ்வளவுதான். ஜனவரியிலும் நான் இப்படிச் சுழன்றிருக்கலாம். சுழன்று, ஏன் என்று அப்போதே கற்றிருக்கலாம். என்னுடைய தப்பைக்கூட நீ என்னைச் செய்யவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நான் பெருமைப்படும் விஷயமல்ல. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் காற்றை அளந்தேன். அளந்து முடித்துவிட்டு, மறுபடி முதல் டயரிலிருந்து அளந்தேன். யாரும் என் காரின் பக்கத்தில்கூட வரவில்லை. அடுத்த காரில் வந்திருந்த கயல் என்ற பெண், "குடுங்க, நான் பாக்கறேன். நீங்க ஹெல்மெட் போடுங்க" என்று கையை நீட்டினாள். காலையிலிருந்து என்னிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள். நான் கேஜைக் கொடுக்கவில்லை. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவள் தன் காருக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது சுற்று மே மாதம். வர ஆசையென்றால் வா. பார்க்க வருகிறவர்களுக்கு மைதானத்தின் ஓரம் கயிறு கட்டியிருக்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் நில்.

மஹதி